அளவும் கோலும்

நுழையும்முன்

ஒரு பொருளின் நீளம் அப்பொருளிலேயே இருக்கிறது. அளப்பவர் அதைக் கண்டறிந்து சொல்கிறார் என்றே நாம் எண்ணுகிறோம். மேசைக்கும் துணிக்கும் வயல் வரப்புக்கும் இவ்வெண்ணம் பொருந்தும். கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் மலையடிவாரத்திற்கும் பொருந்துமா? இக்கேள்வியைப் பொறுமையுடன் ஆராய்ந்து, எண்களால் விடை கண்டவர் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன். அவர் நில அளவையாளர் அல்லர். போர்கள் ஏன் மூள்கின்றன என்று தேடிய இயற்பியலாளர். அமைதியைத் தேடிய ஒருவர் கடற்கரையின் கணக்கை வந்தடைந்த கதை இது.

சிங்கவரத்துக் குன்று

செஞ்சிக்கு வடக்கே சில கல் தொலைவில் அமைந்த சிற்றூர் சிங்கவரம். பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட அரங்கநாதர் கோயில் அங்குள்ள குன்றின்மீது இருக்கிறது. படியேறி மேலே நின்றால், பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் செஞ்சிப் பகுதியின் நில அமைப்பு கண்முன் விரியும்.

இக்குன்றின் அடிவாரத்தைச் சுற்றி அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டர் நீளமுள்ள கயிற்றை நேராக இழுத்துப் பிடித்து, ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்திற்கு நகர்ந்துகொண்டே சென்றால் ஓர் அளவு கிடைக்கும். பெரிய பாறைகளின் வளைவுகளைக் கயிறு தாண்டிச் சென்றுவிடும். அடுத்து, பத்து மீட்டர் கயிற்றைக் கொண்டு அளந்தால் அவ்வளைவுகளுக்குள்ளும் கயிறு நுழையும். முன்னைய அளவைவிட இவ்வளவு கூடும். ஒரு மீட்டர் கோலால் அளந்தால் ஒவ்வொரு பாறையின் மடிப்பும் கணக்கில் சேரும். சாண் அளவால் அளந்தால் வெடிப்புகளும் சேரும். பாறையை ஒட்டி ஊரும் எறும்பு தன் நடையால் அளக்குமாயின், அது சொல்லும் நீளம் நாம் சொன்ன எல்லாவற்றையும் விஞ்சி நிற்கும். இவற்றுள் எது சரியான அளவு?

மனிதர் கட்டிய சுவருக்கு இந்த இடர்ப்பாடு பெரிதாக எழுவதில்லை. செஞ்சிக் கோட்டையின் மதில் இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைக்கிறது. சமவெளியில் அது நேராகச் செல்லும் பகுதியை எந்தக் கயிற்றால் அளந்தாலும் விடை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். நேர்கோட்டை அளப்பது உழைப்பு மிகுந்த பணிதான். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று, வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டினை நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியப் பெரு முக்கோண அளவையின் தொடக்கமாக அது போற்றப்படுகிறது. அப்பணியில் கவனம் கூடக்கூட விடை உண்மையான ஒரே எண்ணை நெருங்கியது. இயற்கையின் எல்லைகளிலோ, கவனம் கூடக்கூட விடையும் வளர்ந்துகொண்டே செல்கிறது. இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டவரே ரிச்சர்ட்சன்.

இளமையும் கல்வியும்

ரிச்சர்ட்சன் 1881ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். பெற்றோரின் ஏழு குழந்தைகளில் இவரே இளையவர். தந்தை தோல் பதனிடும் தொழில் நடத்தியவர். குடும்பத்தினர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர்கள். எக்காரணத்திற்காகவும் மனிதர் மனிதரைக் கொல்லலாகாது என்பது அப்பிரிவினரின் உறுதியான கொள்கை. இளமையில் ஊன்றிய இக்கொள்கை ரிச்சர்ட்சனின் வாழ்க்கைப் பாதையைப் பலமுறை திருப்பியது.

யார்க் நகரிலிருந்த பூத்தம் பள்ளியிலும், நியூகாசிலில் அறிவியல் கல்லூரியிலும் பயின்றபின், கேம்பிரிட்சு பல்கலைக்கழகத்தின் கிங்சு கல்லூரியில் சேர்ந்து 1903இல் பட்டம் பெற்றார். ஒரே துறைக்குள் தங்கிவிடாத மனம் அவருடையது. தேசிய இயற்பியல் ஆய்வகத்திலும், சதுப்பு நிலம் சார்ந்த தொழில் நிறுவனத்திலும், மின்விளக்குத் தொழிற்சாலையிலும் அடுத்தடுத்துப் பணியாற்றினார். 1909இல் கணித அறிஞர் ஒருவரின் மகளான டோரத்தியை மணந்தார். இவ்விணையர் பின்னாளில் மூன்று குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தனர்.

அக்காலத்தில் அவர் உருவாக்கிய கணிதமுறை ஒன்று பின்னர் அவரது பணிகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று. சதுப்பு நிலத்தில் நீர் கசிவது, அணையின் கல்கட்டில் அழுத்தம் பரவுவது முதலியவற்றை விளக்கும் சமன்பாடுகளுக்கு நேரடித் தீர்வு காண்பது அரிது. ரிச்சர்ட்சன் பரப்பினைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திற்கும் கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவற்றாலேயே விடையை நெருங்கும் வழியை வகுத்தார். நைல் நதியின் குறுக்கே கட்டப்பட்ட அசுவான் அணையின் அழுத்தங்களை இம்முறையில் கணக்கிட்டுக் காட்டினார். கட்டம் எவ்வளவு சிறிதாகிறதோ அவ்வளவு விடை திருத்தமாகும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். கட்டம் சிறிதாகும்தோறும் ஒரு நிலையில் நிற்காமல் வளர்ந்துகொண்டே செல்லும் விடையைக் கண்டபோது, அதன் புதுமையை அவர் உடனே உணர்ந்ததற்கு இப்பயிற்சியே காரணம் எனலாம்.

காற்றைக் கணக்கிட்டவர்

1913இல் ரிச்சர்ட்சன் பிரித்தானிய வானிலைத் துறையில் சேர்ந்து, ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மியூர் ஆய்வகத்தின் கண்காணிப்பாளர் ஆனார். அந்நாளில் வானிலை முன்கணிப்பு என்பது பழைய வரைபடங்களை ஒப்பிட்டு, இதுபோன்ற நாளில் முன்பு என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்வதாகவே இருந்தது. காற்றும் வெப்பமும் ஈரமும் இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. ஆதலால் நாளைய வானிலையைக் கணக்கிட்டே சொல்ல இயலும் என்று ரிச்சர்ட்சன் நம்பினார். தம் கட்ட முறையை வளிமண்டலத்தின்மீது விரித்தார்.

இவ்வாய்வு நடந்துகொண்டிருக்கையில் முதல் உலகப்போர் மூண்டது. ஆயுதம் ஏந்த அவர் மனம் இடந்தரவில்லை. பிறர் துன்புறுகையில் ஒதுங்கியிருக்கவும் இயலவில்லை. 1916இல் பாதுகாப்பான பதவியைத் துறந்து, குவேக்கர் அமைப்பின் மருத்துவ ஊர்திப் பிரிவில் ஓட்டுநராகச் சேர்ந்தார். பிரான்சில் போர்முனைக்கு அருகே, காயமுற்ற வீரர்களை ஏற்றிச் செல்வது அவர் பணி. குண்டுகள் விழும் சாலைகளில் ஊர்தி ஓட்டினார். ஓய்வு கிடைத்த பொழுதுகளில், ஈரமும் குளிரும் நிறைந்த தங்குமிடத்தில் வைக்கோல் குவியலை மேசையாகக் கொண்டு வானிலையைக் கணக்கிட்டார்.

அவர் எடுத்துக்கொண்டது கடந்துபோன ஒரு நாள்: 1910ஆம் ஆண்டு மே 20. அன்று காலை ஐரோப்பாவின் நடுப்பகுதியில் பதிவான அளவுகளைக் கொண்டு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறியிருக்கும் என்று கணித்தார். இக்கணக்கைச் செய்து முடிக்க ஆறு வாரங்கள் ஆயின. விடையோ பெருந்தவறாக அமைந்தது. அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று கணக்கு காட்டியது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறத்தாழ மாறாமலே இருந்தது. தொடக்க அளவுகளில் காற்றுக்கும் அழுத்தத்திற்கும் இடையே இருந்த பொருத்தமின்மையே பிழைக்குக் காரணம் எனப் பிற்கால ஆய்வாளர்கள் விளக்கினர்.

1917இல் ஷாம்பெயின் போரின்போது இக்கையெழுத்துப்படி பின்னணிக்கு அனுப்பப்பட்டுத் தொலைந்துபோயிற்று. சில மாதங்கள் கழித்து, பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியிலிருந்து அது மீண்டும் கிடைத்தது. 1922இல் நூலாக வெளிவந்தபோது ரிச்சர்ட்சன் தம் தோல்வியை மறைக்கவில்லை. தவறிப்போன கணக்கைப் படிப்படியாக அச்சிட்டு, அது தவறியது என்பதையும் எழுதினார். உலகம் முழுவதற்கும் வானிலை கணிக்க வேண்டுமாயின், ஒரு பேரரங்கில் 64,000 கணக்கர்கள் அமர்ந்து ஒரே நேரத்தில் கணக்கிட வேண்டியிருக்கும் என்ற கற்பனையையும் அந்நூலில் தீட்டினார். தமக்கு ஒவ்வாத எண்ணையும் உள்ளவாறே வெளியிடும் இப்பண்பு, பின்னாளில் எல்லைகளை ஆராய்ந்தபோதும் அவருக்குத் துணைநின்றது.

பதவியும் மனச்சான்றும்

போர் முடிந்ததும் ரிச்சர்ட்சன் வானிலைத் துறைக்குத் திரும்பினார். 1920இல் அத்துறை விமானப்படையை ஆளும் அமைச்சகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. தம் உழைப்பு படைத்துறைக்குப் பயன்படுவதை விரும்பாத அவர், தாம் பெரிதும் நேசித்த பணியைவிட்டு விலகினார். இலண்டனில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியொன்றில் இயற்பியல் கற்பிக்கலானார். 1926இல் இராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அறிஞர் உலகின் உயர்ந்த மதிப்பைப் பெற்றிருந்தும் பெரிய பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர் என்ற வரலாறு அவ்வாயில்களை அடைத்திருந்தது.

காற்றின் கொந்தளிப்பைப் பற்றி அவர் ஆராய்ந்த முடிவுகள், நச்சுப்புகை எவ்வாறு பரவும் என்று அறிய விரும்பியோரின் கவனத்தை ஈர்த்தன. இதனை உணர்ந்ததும் வானிலை ஆய்விலிருந்து அவர் விலகத் தொடங்கினார். நாற்பது வயதைக் கடந்த நிலையில் உளவியலைப் பாடமாகப் பயின்று, 1929இல் அதில் பட்டமும் பெற்றார். அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் பெய்சிலி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வரானார். வகுப்புகளும் நிர்வாகமும் போக எஞ்சிய மாலைப்பொழுதுகளிலும் விடுமுறைகளிலும் புதிய ஆராய்ச்சி ஒன்றில் ஆழ்ந்தார்.

போரின் கணக்கு

போரை நாட்டுப்பற்றாலும் வெறுப்பாலும் பேசுவோர் பலர். அதனை எண்ணிப் பார்த்தோர் சிலரே. ரிச்சர்ட்சன் 1820 முதற்கொண்டு நிகழ்ந்த போர்களைத் தொகுத்தார். எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிக்காமல், எத்தனை உயிர்கள் மாண்டன என்பதைக் கொண்டு அவற்றை வரிசைப்படுத்தினார். ஒருவர் மட்டும் மாண்ட கொலை இவ்வரிசையின் ஒரு முனை. கோடிக்கணக்கானோரைப் பலிகொண்ட உலகப்போர்கள் மறுமுனை. இடைப்பட்டவற்றை மடக்கை அளவுகோலில் அமைத்தார். ஒரு நாடு ஆயுதம் குவிப்பதைக் கண்டு அடுத்த நாடும் குவிக்க, அச்சம் அச்சத்தை வளர்க்கும் நிலையைச் சமன்பாடுகளால் விளக்கினார். 1940இல், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, இவ்வாராய்ச்சிக்காகவே கல்லூரிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று எளியது. அண்டை நாடுகள் மிகுதியாக உள்ள நாடு மிகுதியாகப் போரிடுகிறதா? அண்டை நாடுகளின் எண்ணிக்கை கூடும்போது, போர்களின் எண்ணிக்கையும் பொதுவாகக் கூடுவதை அவர் தொகுத்த சான்றுகள் காட்டின. அடுத்து, இரு நாடுகள் எவ்வளவு நீளத்திற்கு ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன என்பதையும் அறிய வேண்டியிருந்தது. எல்லைகளின் நீளத்தைத் தேடி ஆவணங்களைப் புரட்டினார். அங்கேதான் வியப்பு காத்திருந்தது.

இரு நாடுகள், இரு நீளங்கள்

ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே உள்ளது ஒரே எல்லைதான். ஆயினும் அதன் நீளம் ஓர் ஆவணத்தில் 987 கிலோமீட்டர் என்றும், மற்றோர் ஆவணத்தில் 1,214 கிலோமீட்டர் என்றும் இருந்தது. நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் இடைப்பட்ட எல்லை ஓரிடத்தில் 380 கிலோமீட்டர். வேறோரிடத்தில் 449 கிலோமீட்டர். முதல் இணையில் வேறுபாடு 227 கிலோமீட்டர். இரு தரப்பினரும் ஒரே கோட்டைத்தான் அளந்தனர். எனினும் எண்கள் ஒன்றுபடவில்லை.

இத்தகைய வேறுபாட்டைக் காண்போர் அளந்தவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடக்கூடும். அல்லது இரண்டையும் கூட்டிச் சராசரி கண்டு மேலே செல்லக்கூடும். ரிச்சர்ட்சன் போரைப் பற்றிய தம் கேள்வியைச் சற்று நிறுத்திவைத்து, அளவையே ஆராயத் தொடங்கினார்.

கவராயத்தின் எட்டு

அவர் கையாண்ட கருவி ஒவ்வொரு மாணவரின் கணிதப் பெட்டியிலும் இருப்பதுதான். கவராயத்தின் இரு முனைகளையும் குறிப்பிட்ட இடைவெளியில் விரித்து, நிலப்படத்தில் கடற்கரைக் கோட்டின்மீது அடிமேல் அடிவைத்து நடத்திச் சென்றார். எத்தனை எட்டுகள் என்று எண்ணி, எட்டின் நீளத்தால் பெருக்கினால் கரையின் நீளம் கிடைக்கும். பிறகு கவராயத்தின் விரிவைக் குறைத்து மீண்டும் நடத்தினார். மேலும் குறைத்து மீண்டும் நடத்தினார்.

வட்டத்தின் சுற்றளவை இவ்வாறு அளந்தால் என்ன நேரும் என்பது நாம் அறிந்ததே. எட்டு சிறிதாகும்போது அளவு சற்றுக் கூடும். பின்னர் கூடுதல் குறைந்துகொண்டே வந்து ஒரே எண்ணில் நிலைபெறும். பிரித்தானியாவின் மேற்குக் கடற்கரை அவ்வாறு அமையவில்லை. எட்டினைப் பாதியாக்கும்போதெல்லாம் நீளம் ஏறத்தாழ 19 விழுக்காடு கூடிற்று. மீண்டும் பாதியாக்கினால் மீண்டும் அதே விகிதத்தில் கூடிற்று. வளைகுடாவுக்குள் சிறு வளைகுடா, அதற்குள் இன்னும் சிறிய வளைவு எனக் கரை உள்ளே உள்ளே மடிந்துகிடந்ததே காரணம்.

எல்லாக் கரைகளும் ஒரே வகையின அல்ல. தென்னாப்பிரிக்காவின் கடற்கரை மழமழப்பானது. அங்கு எட்டினைப் பாதியாக்கினாலும் நீளம் ஒன்றரை விழுக்காடு அளவிற்கே கூடிற்று. ஆஸ்திரேலியக் கரை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. எட்டின் நீளத்தையும் கரையின் நீளத்தையும் மடக்கை எடுத்து வரைபடத்தில் குறித்தபோது, ஒவ்வொரு கரைக்கும் ஏறத்தாழ ஒரு நேர்கோடு கிடைத்தது. கரை எவ்வளவு கரடுமுரடாக இருந்ததோ அவ்வளவு சாய்வு அந்தக் கோட்டில் மிகுந்திருந்தது.

இதனால் இயற்கை எல்லைகளை அளக்கவே முடியாது என்று கொள்ளலாகாது. நீளம் என்ற ஓர் எண் மட்டும் போதாது என்பதே இதன் பொருள். எந்த எட்டால் அளந்தோம் என்பதை உடன் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. நீளம் மாறினாலும் அது மாறும் விகிதம் மாறாதிருக்கிறது. அவ்விகிதமே கரையின் இயல்பை எடுத்துரைக்கிறது. தமிழில் அளக்கும் கருவியை அளவுகோல் என்கிறோம். அளவும் கோலும் ஒன்றையொன்று பிரியாமல் அச்சொல்லில் இணைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

ரிச்சர்ட்சன் கண்ட சாய்வினை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொரு கரைக்கும் ஒரு பரிமாண எண்ணைக் கூறுவர். நேர்கோட்டின் பரிமாணம் 1. தளத்தின் பரிமாணம் 2. பிரித்தானிய மேற்குக் கரைக்கு 1.25, ஆஸ்திரேலியக் கரைக்கு 1.13, தென்னாப்பிரிக்கக் கரைக்கு 1.02 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. எண் 1ஐ நெருங்க நெருங்கக் கரை நேர்கோட்டை ஒத்திருக்கும்.

மறைவுக்குப் பின் வந்த பெருமை

ரிச்சர்ட்சன் 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று ஸ்காட்லாந்தின் கில்மன் என்னும் ஊரில் உறக்கத்திலேயே காலமானார். போர்களைப் பற்றிய அவருடைய இரு பெருநூல்களும் அச்சு நூல்களாக வெளிவந்தது 1960இல்தான். எல்லைகளின் நீளம் குறித்த கட்டுரை 1961இல் வெளியாயிற்று. அதுவும் போர் ஆராய்ச்சியின் பிற்சேர்க்கையாக அமைந்திருந்தமையால் பலர் கண்ணிலும் படவில்லை.

கணித அறிஞர் பெனுவா மாண்டல்புரோ அதனைக் கண்டெடுத்தார். 1967இல் பிரித்தானியக் கடற்கரையின் நீளம் எவ்வளவு என்ற கேள்வியைத் தலைப்பாகக் கொண்டு அவர் எழுதிய கட்டுரை, ரிச்சர்ட்சனின் அளவுகளை உலகறியச் செய்தது. பகுதியும் முழுமையை ஒத்திருக்கும் இத்தகைய வடிவங்களுக்கு 1975இல் அவர் பிராக்டல் என்று பெயரிட்டார். முகிலின் விளிம்பும், மரத்தின் கிளையமைப்பும், நுரையீரலுக்குள் மூச்சுக்குழல்கள் பிரிவதும் இக்கணிதத்தால் இன்று ஆராயப்படுகின்றன.

வானிலைக் கணக்கு மட்டும் ரிச்சர்ட்சன் வாழ்நாளிலேயே வெற்றி பெற்றது. 1950இல் அமெரிக்காவில் ஜூல் சார்னியும் அவருடைய குழுவினரும் எனியாக் கணினியைக் கொண்டு வானிலையைக் கணித்து, முடிவுகளை ரிச்சர்ட்சனுக்கு அனுப்பினர். வைக்கோல் குவியலின்மீது தொடங்கிய கணக்கு சரியான பாதையில்தான் சென்றது என்பதைக் கண்டு அவர் மகிழ்ந்து வாழ்த்தினார். இன்று புயல் வருவதற்குச் சில நாள்கள் முன்னரே நம் கடற்கரை மக்களுக்கு எச்சரிக்கை கிடைப்பதன் பின்னால் அவர் வகுத்த வழி இருக்கிறது.

நம் கடற்கரையின் நீளம்

ரிச்சர்ட்சன் கண்ட உண்மையை நம் நாட்டிலும் காணலாம். இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்று நெடுங்காலம் பாடநூல்கள் கூறிவந்தன. உள்துறை அமைச்சகத்தின் 2023–24ஆம் ஆண்டறிக்கையில் இது 11,098.81 கிலோமீட்டர் எனத் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டின் கடற்கரை 906.9 கிலோமீட்டரிலிருந்து 1,068.69 கிலோமீட்டராக உயர்ந்தது. மேற்கு வங்கத்தின் கரை 157.5 கிலோமீட்டரிலிருந்து 721.02 கிலோமீட்டராயிற்று.

கடல் பின்வாங்கிப் புதிய நிலம் தோன்றியதால் விளைந்த உயர்வன்று இது. பழைய அளவு 45 இலட்சத்துக்கு ஒன்று என்னும் அளவுத்திட்டத்தில் அமைந்த நிலப்படத்தைக் கொண்டு எடுக்கப்பட்டது. அதில் ஒரு சென்டிமீட்டர் 45 கிலோமீட்டரைக் குறிக்கும். புதிய அளவுக்கு இரண்டரை இலட்சத்துக்கு ஒன்று என்னும் திட்டம் கைக்கொள்ளப்பட்டது. அதில் ஒரு சென்டிமீட்டர் இரண்டரைக் கிலோமீட்டரையே குறிக்கும். முன்பு கண்ணுக்குத் தெரியாத கழிமுகங்களும் ஓடைகளும் தீவுகளின் கரைகளும் கணக்கில் வந்தன. சுந்தரவனத்தின் எண்ணற்ற நீர்க்கால்களைக் கொண்ட மேற்கு வங்கத்தின் அளவு நான்கு மடங்குக்கு மேல் பெருகியது இதனால்தான்.

செஞ்சி அமைந்திருக்கும் விழுப்புரம் மாவட்டத்திற்கும் கடற்கரை உண்டு. மரக்காணத்தை அடுத்துள்ள கழுவெளி கடலோடு தொடர்புகொண்ட பெரிய ஈரநிலம். கரையை அளப்பவர் கழிமுகத்தை நேராகக் கடந்து செல்ல வேண்டுமா, உள்ளே நுழைந்து ஈரநிலத்தின் விளிம்பைச் சுற்றிவர வேண்டுமா? எங்கே நிறுத்துவது என்பதை இயற்கை சொல்வதில்லை. அளப்பவரே முடிவு செய்ய வேண்டும். அம்முடிவு சிறிய செய்தியன்று. கரையைக் காக்கத் திட்டமிடுவோர்க்கும், அரிப்பினைக் கணக்கிடுவோர்க்கும் நீளமே அடிப்படை. பழைய கோலால் அளந்த எண்ணையும் புதிய கோலால் அளந்த எண்ணையும் அறியாமல் ஒப்பிட்டால், கரை வளர்ந்துவிட்டது என்ற தவறான முடிவுக்கு வர நேரும்.

கோலைச் சொல்லும் நேர்மை

அணை, வானிலை, போர், எல்லை எனத் துறைவிட்டுத் துறை தாவியவராகவே ரிச்சர்ட்சன் அவர் காலத்தவர்க்குத் தோன்றியிருக்கக்கூடும். கூர்ந்து நோக்கினால் அவரை வழிநடத்திய பண்பு ஒன்றே என்பது விளங்கும். தவறிய கணக்கை அச்சிட்டார்; பொருந்தாத இரு எண்களைக் கண்டபோது அவற்றுள் ஒன்றைத் தள்ளிவிடவில்லை; தம் அறிவு தீமைக்குப் பயன்படக்கூடும் என்று கண்டபோது பதவியைத் துறந்தார். ஓர் எண்ணைச் சொல்பவர் அதை எவ்வாறு பெற்றார் என்பதையும், அதன் விளைவு யாரைச் சென்று சேரும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும் என்று அவர் வாழ்ந்து காட்டினார்.

மக்கள்தொகை, மழையளவு, மதிப்பெண், விலைவாசி என நாள்தோறும் எண்கள் நம்மை வந்தடைகின்றன. ஒவ்வொன்றையும் ஏற்பதற்கும் மறுப்பதற்கும் முன்னர் ஒன்றைக் கேட்கப் பழக வேண்டும்: இதை அளந்த கோல் எது? அடுத்த முறை சிங்கவரத்துக் குன்றின் படிகளில் ஏறுவோர், அடிவாரத்தில் கிடக்கும் பாறைகளை ஒருகணம் நின்று பார்க்கட்டும். அவற்றின் மடிப்புகளுக்குள் நுழைந்து வரும் எறும்பின் நடைக்கும் நம் நடைக்கும் இடையே எத்தனை நீளங்கள் அடங்கியிருக்கின்றன என்பது புலப்படும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஏரிக்கரை, ஆற்றங்கரை அல்லது குன்றின் அடிவாரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பத்து மீட்டர் கயிற்றாலும் ஒரு மீட்டர் கோலாலும் அதன் ஒரு பகுதியை அளந்து, இரு அளவுகளையும் ஒப்பிட்டு எழுதுக.

2. தமிழ்நாட்டு நிலப்படத்தில் கவராயத்தை மூன்று வெவ்வேறு விரிவுகளில் வைத்துக் கடற்கரையை அளந்து, கிடைத்த நீளங்களை அட்டவணைப்படுத்துக.

3. சாண், முழம், கோல் முதலிய பழந்தமிழ் நீட்டலளவைகளை உங்கள் ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து தொகுக்க.

4. மனச்சான்றுக்காகப் பதவியைத் துறந்த ரிச்சர்ட்சனின் முடிவு குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.